வெள்ளைச்சியின் முகவலை

கல்யாணத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுபவளின் பாடு குதிரையோடு அல்ல, இலையானோடு, அதாவது ஈயோடு. கதிரையோ, கூடாரமோ, மேளமோ, எதையாவது கல்யாண வீட்டுக்குக் கொடுத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: பொருள் நம்முடையது, சொல் அவர்களுடையது.

புகை

கொட்டாஞ்சேனையில் எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் கறுத்துத் தடித்துவிடும். பகலில் இலையான், வெயில் சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத கொசு. கடி தாங்காமல் என் ஒரே குதிரை வெள்ளைச்சி தூணில் முகத்தைத் தேய்ப்பாள். இரண்டு வேளையும் சாணி அள்ளுவோம். வேப்பிலையும் தேங்காய்ப் பொச்சும் போட்டுப் புகை மூட்டுவோம்.

பக்கத்து மாடியில் இருக்கும் ஆசிரியை ஒருநாள் துவைத்த சேலையைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். இங்கே இலையான் குறைந்தால் உங்கள் குசினியிலும் குறையும் என்று பணிவாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இலையான் வந்தா நான் சாப்பாட்டை மூடி வைப்பன், அன்ரி. இந்த மணத்தை எதால மூடுறது?"

காற்று

காற்று அடிக்கும் இடத்தில் கொசு நிற்காது. அதனால் என் அறையிலிருந்த பெரிய மின்விசிறியைக் கொண்டுபோய் லாயத்தில் வைத்தேன். வெள்ளைச்சியின் பிடரி மயிர் அசைவதைப் பார்த்துக்கொண்டு நான் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தேன். குதிரையைப் பராமரிக்கும் மாரிமுத்து, பதுளைத் தோட்டத்திலிருந்து வந்து இருபது வருடமாக எங்களோடு இருப்பவர், சிரிக்காமல் சொன்னார்: "ஐயா உசுரோட இருந்தப்பகூட நீங்க அந்தக் காத்தாடிய அவருபக்கம் திருப்புனதில்லீங்களே அம்மா."

ஒரேயொரு படம்

அப்படியும் ஒருநாள் தூணில் தேய்த்து வலக்கண்ணைப் புண்ணாக்கிக்கொண்டாள். மிருக வைத்தியர் மருந்து போட்டார். புண் ஆறும்வரை பகலில் முகத்துக்கு ஒரு வலை கட்ட வேண்டும், அதைக் கழற்றவே கூடாது, இலையான் மொய்த்தால் கண் போய்விடும் என்றார். கட்டிலுக்குக் கட்டும் கறுப்பு நுளம்பு வலையை வெட்டி நானே தைத்தேன். வெள்ளவத்தையில் ஒரு கல்யாணத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். வலையோடுதான் வருவாள் என்று தொலைபேசியில் சொன்னேன், சரி என்றார்கள். வலை கொஞ்சம் கலியாணக் களையாக இருக்கட்டும் என்று, என் கூறைச் சேலையின் சரிகைக் கரையை அறுத்து ஓரத்தில் வைத்துத் தைத்தேன்.

மண்டப வாசலில் பெண்ணின் மாமா பார்த்ததும் முகம் சுளித்தார். கறுப்பு வலையைப் பார்த்தால் சவ ஊர்வலம் என்று சனம் நினைக்கும், ஒரேயொரு படத்துக்குக் கழற்றுங்கள் என்றார். மாரிமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான்தான் அவிழ்த்தேன். மாப்பிள்ளையோடு ஒரு படம், பிறகு மச்சான்மார், பிறகு பிள்ளைகள். பக்கத்து மேசையில் சர்பத்தும் லட்டும். அங்கிருந்து எழுந்த இலையான்கள் நேரே அவள் கண்ணுக்கு வந்தன. மூன்று தரம் வலையைக் கட்டப் போனேன். மூன்று தரமும் இன்னொருவர் வந்து நின்றார். படம் எடுப்பவர் பொறுமை இழந்தார்: "குதிரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நிக்குது அம்மா. கொஞ்சம் நேராப் பாக்கச் சொல்லுங்கோ."

நல்ல பக்கம்

பத்தாம் நாள், இனி அந்தக் கண்ணில் பார்வை இல்லை என்றார் வைத்தியர். இப்போது நான் வலப்புறமாகப் போனால், காலடிச் சத்தம் கேட்டுக் கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைத் தேடுகிறாள்.

ஒரு மாதம் கழித்து நுகேகொடையிலிருந்து ஒரு தகப்பன் மகனின் கல்யாணத்துக்குக் குதிரை கேட்டு வந்தார். தரமுடியாது என்றேன். அவர் அசையவில்லை. காரணத்தைக் கண்ணால் காணட்டும் என்று லாயத்துக்குக் கூட்டிப்போய் வெளுத்துப்போன அந்தக் கண்ணைக் காட்டினேன். அவர் அவளை ஒருமுறை சுற்றி வந்து, இடப்புறம் நின்று, திருப்தியாகத் தலையாட்டினார்: "இந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு. நாங்க இதில நிண்டே படம் எடுப்பம், அன்ரி."

இலையானை விரட்டப் புகை போதும். கல்யாண வீட்டாரிடம் 'மாட்டேன்' என்று சொல்லப் பழகுவதற்கு எனக்கு ஒரு கண் செலவானது, அதுவும் என்னுடையது அல்ல.