இரண்டு பேரும் எழுந்து நின்றோம்

என் வீட்டுக்காரரை நெஞ்சுவலியோடு திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். வராந்தாவில் என்னைப் போலவே காத்திருந்த ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், வெற்றிலை கொடுத்துப் பேச்சுக் கொடுத்தாள். பிள்ளைகள், மாடு, மழை எல்லாம் பேசினோம். புருஷன் பேரை மட்டும் இருவருமே சொல்லவில்லை. பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாதே.

நர்ஸம்மா வந்து, "அண்ணாமலை சம்சாரம் யாரும்மா? அவரு தவறிட்டாரு" என்றார்.

இருவரும் எழுந்தோம்.

"என்னம்மா, ரெண்டு பேருமா? நான் சொல்றது செங்கத்துக்காரரு."

என் ஊர் அடி அண்ணாமலை; செங்கம் அவள் ஊர்.

அவள் என் கையைப் பிடித்து, "உன் வூட்டுக்காரரு இருக்காருக்கா, போய்ப் பாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எழுந்து நின்ற அந்த நேரத்தில் இருவரும் சாமியிடம் ஒன்றையேதான் கேட்டிருப்போம். எனக்குக் கிடைத்துவிட்டது. அதை நினைத்து என்னால் ஒருநாளும் சந்தோஷப்பட முடிந்ததில்லை.