முதலாளியின் மனைவிக்குக் கல்லாக்காரர் ஜாமீன்

கோவை சரவணம்பட்டி மென்பொருள் நிறுவனமொன்றில் ஆயிரத்து அறுநூறு பேரின் வரிப் பிடித்தத்தைப் பைசா சுத்தமாகக் கணக்கிடும் சண்முகப்பிரியா, கல்யாணமாகி இரண்டே கால் வருடத்தில் கணவனோடு பதினேழு நாள் வாழ்ந்தவள். மீதி நாள்களில் விசாவுக்குக் காத்திருந்தாள். முதல் வருடம் அழுதாள். இரண்டாம் வருடம் அதையும் நிறுத்திவிட்டாள்.

கணவன் அருள்குமார் அமெரிக்கக் குடிமகன். டெக்சாஸில் பெட்ரோல் பங்க்கும் அதையொட்டி ஒரு கடையும் வைத்திருந்தான். மாதம் ஏழு லட்சம் வருமானம் என்று பெண் பார்க்க வந்தபோது அவன் அப்பா ஈஸ்வரமூர்த்தி சொன்னார். பொய்யில்லை. ஆனால் பல்லடத்தில் முப்பது வருடம் கோழிப்பண்ணை நடத்திய அவர், வருமானத்தைச் சம்பந்திகளிடம் மட்டுமே சொல்பவர். அரசாங்கத்திடம் சொல்வதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர். மகன் அந்தக் குடும்ப ஒழுக்கத்தைக் கடல் தாண்டியும் காப்பாற்றினான். வருடாவருடம் வரிக் கணக்கில் தன்னைப் பரம ஏழையாகவே காட்டிவந்தான்.

மனைவியை அழைத்துக்கொள்ள வேண்டுமானால், அவளுக்குச் சோறு போடும் வசதி உண்டென்று கணவன் வரிக் கணக்கோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அமெரிக்க அரசு அவன் கணக்கைப் படித்தது, அப்படியே நம்பியும்விட்டது. இவ்வளவு ஏழையால் இன்னொரு வயிற்றைக் காப்பாற்ற முடியாது, இங்கேயே வசிக்கும் வேறொருவரை ஜாமீனுக்குக் கொண்டுவா என்றது.

"பதினாலு ஏக்கரா பத்திரம் இருக்குதுங்க அம்மணி, அதைக் காட்டுனா ஆகாதுங்களா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"ஆகாதுங்க மாமா. பழைய கணக்கைத் திருத்தி, வரியக் கட்டிப்போட்டாப் போதுமுங்க."

"மூணு வருச வரிங்க! வட்டி வேற! அதுக்கு இன்னொரு வருசம் பொறுத்துக்கலாமுங்க."

பொறுத்துக்கொள்ள வேண்டியவள் அவள்.

அமெரிக்காவிலிருக்கும் உறவினர் ஒன்பது பேரை விசாரித்தார்கள். ஒன்பது பேருக்கும் பெரிய பெரிய வீடுகள். காகிதத்தில் ஒன்பது பேரும் அருள்குமாரைவிட ஏழைகள்.

கடைசியில் அகப்பட்டவர் சசிதர். ஆர்.எஸ்.புரத்துக்காரர், கிரீன் கார்டு வைத்திருப்பவர், அருள்குமார் கடையில் கல்லாவில் நிற்பவர். சம்பளத்திலேயே வரியைப் பிடித்துவிடுவதால் ஒளிக்க வழியின்றி யோக்கியரானவர். காகிதத்தின்படி முதலாளியைப்போல் இரண்டு மடங்கு சம்பாதிப்பவர்.

"கல்லாவுல நிக்கறவன் நம்மூட்டு மருமகளுக்கு ஜாமீனா? நாலு பேரு சிரிப்பாங்க கண்ணு!"

"அந்த நாலு பேரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கப்பா" என்றான் மகன். அதோடு பேச்சு முடிந்தது.

சசிதரே சண்முகப்பிரியாவுக்குப் போன் செய்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டேனுங்க. நீங்க சோத்துக்குத் தடுமாறுனா இனி நாந்தான் பாக்கோணுமாமா. ரொம்பச் சாப்புடுவீங்களா?"

"இல்லீங்கண்ணா."

சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

மும்பையில் அமெரிக்கத் தூதரக நேர்காணல். சசிதர் உங்களுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டார்.

"என் கணவரிடம் சம்பளம் வாங்குகிறவர்."

அதிகாரி இரண்டு வரிக் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலாளி யார் என்று அவருக்கு ஒரு கணம் குழம்பியிருக்க வேண்டும். பிறகு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசா உறுதி என்றார். நன்றி என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

வெளியே வந்ததும் மாமனாரின் அழைப்பு.

"பையன் கணக்கைப் பத்தி ஏதாச்சும் துருவுனாங்களா அம்மணி?"

"இல்லீங்க மாமா."

"அப்பாடா! தப்பிச்சோமுங்க" என்று வைத்துவிட்டார். விசா என்ன ஆயிற்று என்ற சில்லறை விஷயத்துக்கு அவருக்கு நேரமில்லை.

சண்முகப்பிரியா ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.