அஞ்சம்மாளுக்குக் கிடைத்த கடைசிப் பாய்

உங்களை யாராவது விடுதலை செய்திருக்கிறார்களா? செய்திருந்தால், முதல் வேலையாக உங்களிடமிருந்து எதைக் கழற்றினார்கள்?

அஞ்சம்மாளிடமிருந்து மூக்குத்தியைக் கழற்றினார்கள். பிறகு தோடு, நெற்றிப் பொட்டு, தலையில் வைக்கும் பூ, ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போடும் சினிமா. "இனிமேல் நீங்கள் எதற்கும் அடிமை இல்லை" என்று பாஸ்டர் சுவிசேஷமுத்து ஞானஸ்நானம் கொடுத்து முடித்ததும், ஈரச் சேலையோடு நின்றவளிடம் செய்யக் கூடாதவற்றையெல்லாம் பாஸ்டரின் மனைவி புஷ்பலதா வரிசையாகச் சொன்னார். அஞ்சம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மூக்கில் ஓட்டை மட்டும் மிச்சம் இருந்தது. அதை அடைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, இரும்புலியூரில் வாழ்க்கைப்பட்டு, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். கெட்டுப்போன மீனையும் கெட்டுப்போன பேச்சையும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். ஆனாலும் தலையாட்டினாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

மீன் கூடையோடு எந்த பஸ்ஸில் ஏறினாலும் கண்டக்டர் ஒரே வார்த்தைதான் சொல்வான்: "பின்னாடி போம்மா." ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். குடித்துக் குடித்து அவள் புருஷன் துலுக்காணம் செத்தபோது பாடை தூக்க நான்காவது ஆள் கிடைக்கவில்லை. டி.வி.எஸ். ஃபிஃப்டியில் அந்தப் பக்கமாகப் போன பாஸ்டர் வண்டியை நிறுத்திவிட்டுத் தோள் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவள் சபைக்குப் போனாள். கூரைக் கொட்டகையின் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏன் அங்க நிக்கிறீங்க? முன்னால வாங்கம்மா" என்றார் பாஸ்டர்.

பிறந்தது முதல் அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. முன்னால் விரித்த பாயில் போய் உட்கார்ந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்தில் தட்டு முதலில் அவள் கைக்கு வந்தது. அந்தப் பாய்க்காக மூக்குத்தி என்ன, மூக்கையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் சிக்குன்குன்யா வந்தது. தாம்பரத்திலிருந்து பம்மல் வரை பாதிப் பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். ஏரிக் கால்வாயைத் தூர்த்து மனை போட்ட சுப்பராயலு, பம்மல் அம்மன் கோயிலின் ஆடிக் கூழுக்குப் பேனர் வைத்தார். பேனரில் அவர் ஆளுயரத்துக்கு நின்றார். அம்மன் அவருடைய சட்டைப் பாக்கெட் அளவுக்கு இருந்தாள். இரும்புலியூர் சபையில் காய்ச்சல் நீங்கக் கைதட்டிப் பாடினார்கள். தேங்கிக் கிடந்த சாக்கடையை மட்டும் இரண்டு தரப்பும் ஆண்டவன் பொறுப்பில் விட்டுவிட்டன.

பம்மலில் இருந்த அஞ்சம்மாளின் அக்கா அங்காளம்மா, மகள் அனுப்பிரியாவுக்குக் காய்ச்சல் இறங்கினால் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கு இறங்கியது. தாய்க்கு ஏறியது. ஆடி ஞாயிறு நெருங்கும்போது அங்காளம்மாவின் விரல்கள் மஞ்சள் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தன.

"அஞ்சு, ஒரு டம்ளரப் புடிக்க முடியலடி. துடுப்ப எப்புடிப் புடிக்கிறது? நீ வந்து கூழக் கிண்டி வுட்டுட்டுப் போ."

"ஞாயித்துக்கெழம சபை கீதுக்கா."

"உங்க ஏசு இன்னா, அட்டெண்டன்ஸ் எடுக்கிறாரா?"

"அவரு எடுக்கல. புஷ்பலதாம்மா எடுக்குது."

அங்காளம்மா சிரிக்கவில்லை. "நான் உன்னக் கும்புடவா கூப்ட்டேன்? கிண்டத்தான கூப்ட்டேன். கூடப் பொறந்தவ கையில்லாம இந்த வேண்டுதல் நின்னுச்சுன்னா, அப்பால என் வூட்டுப் படி ஏறாத."

அஞ்சம்மாள் ஒளித்துச் செய்யத் தெரியாதவள். நேராகப் பாஸ்டரிடம் போய்க் கேட்டாள். சபையில் வேறு யாராக இருந்தாலும் அந்த ஞாயிறு வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருப்பார்கள்.

"ஐயா, அக்காவுக்குக் கை வரல. கூழு மட்டும் கிண்டிக் குடுத்துட்டு வந்துடட்டா? கும்புட மாட்டேன்."

பாஸ்டர் அவளை உட்காரச் சொன்னார். "சகோதரி, நீங்க விடுதலையானவங்க. நான் உங்களக் கட்டாயப்படுத்த மாட்டேன். நீங்களே ஜெபம் பண்ணி முடிவெடுங்க."

"சரிங்கய்யா."

"போகக் கூடாதுன்னு முடிவெடுங்க."

"போனா?"

"விக்கிரகத்துக்குப் படைக்கிறதுல கை வச்சவங்களுக்குத் திருவிருந்து கிடையாதும்மா. வாசலோரம் கடைசிப் பாய்தான். உங்க ஒருத்தருக்காக நான் சட்டத்தை மாத்தினா, குடிய விட்டுட்டு வந்த பையன்களெல்லாம் நாளைக்குத் திருவிழான்னு கிளம்பிடுவாங்க." அவர் பயம் பொய் இல்லை. அப்படிப் போனவர்களை அவர் சாக்கடையோரத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறார்.

அஞ்சம்மாள் சொன்னபடியே ஜெபம் பண்ணினாள். அதுதான் பாஸ்டர் எதிர்பார்க்காத விஷயம்.

கூடையைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். அவளுடைய தம்பி மாரியின் படகு அம்மனுக்குக் கற்பூரம் காட்டாமல் ஒரு நாளும் தண்ணீரில் இறங்கியதில்லை. அந்த மீனைத்தான் அவள் தாம்பரத்துக்குக் கொண்டு வருகிறாள். சனிக்கிழமைதோறும் அதிலிருந்து நல்ல சங்கராவாகப் பொறுக்கிப் பாஸ்டர் வீட்டுக்குக் கொடுக்கிறாள். பாஸ்டர் ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடுகிறார். ஆண்டவருக்கு மீன் மேல் கோபம் இல்லை. கூழ் மேல் மட்டும் எதற்கு வரப்போகிறது?

"ஆண்டவரே, அக்கா கை வீங்கிக் கீது. நீர் வந்து கிண்டப் போறதில்ல. அப்ப நான்தான் போவணும். எனக்குத் தெரிஞ்சது இதான். தப்புன்னா இப்பவே சொல்லிடும்" என்றாள். காத்திருந்தாள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. மனம் அமைதியாக இருந்தது. சபையில் அத்தனை நாள் பாடியும் வராத அமைதி.

ஞாயிற்றுக்கிழமை பம்மல் கோயிலில் அண்டாவின் முன்னால் நின்று துடுப்புப் போட்டாள். பூசாரி கற்பூரத் தட்டை நீட்டியபோது, "அடி புடிச்சிக்கும் சாமி, கைய எடுக்க முடியாது" என்றாள். படையல் முடிந்ததும் சொம்பில் மொண்டு மொண்டு வரிசைக்கு ஊற்றினாள். வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் தூக்குச் சட்டியை நீட்டினான். மோகன்ராஜ். பம்மல் தோல் பட்டறையில் கூலி வேலை செய்பவன்; இரும்புலியூர் சபையில் ஆண்கள் பக்கம் முன் பாயில் உட்காருகிறவன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் சகோதரன் மோகன்ராஜ் எழுந்து நடக்க வேண்டும் என்று அதே நேரம் இரும்புலியூரில் முழங்காலிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபம் பலித்துவிட்டது. கொஞ்சம் தப்பான திசையில் நடந்துவிட்டான், அவ்வளவுதான்.

"இன்னாடா மோகன், எழுந்திரிக்கவே முடியலன்னாங்க?"

"மெதுவாக்கா! பட்டறைக்குப் போயி ரொம்ப நாளாவுது. வூட்ல ஒலை வெக்கல. பாஸ்டராண்ட சொல்லிடாதக்கா."

"தூக்க நல்லா நீட்டு. கருவாட்டுக் கொழம்பு அந்தாண்ட ஊத்துறாங்க. நான் சொன்னேன்னு கேளு, இல்லாட்டி கத்திரிக்கா மட்டும் போட்டு ஏமாத்திடுவாங்க."

அடுத்த ஞாயிறு அவள் சபைக்குள் நுழையும் முன்பே செய்தி நுழைந்து உட்கார்ந்திருந்தது. பாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"போனீங்களா?"

"போனேங்கய்யா."

"விழுந்து கும்பிட்டீங்களா?"

"குனிஞ்சேன். அடுப்புல வெறகு தள்ள."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"நம்ம சபைக்காரங்க வேற யாராவது அங்க இருந்தாங்களா?"

மோகன்ராஜ் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான். ஒரு பெயர் சொன்னால் போதும். கடைசிப் பாயில் அவள் தனியாக உட்கார வேண்டியதில்லை. அவனுக்கு இந்தக் கொட்டகை போனால் அடுத்த இடம் சாராயக் கடை என்பது அவளுக்குத் தெரியும்.

"பசிச்சவங்க இருந்தாங்கய்யா. நான் மூஞ்சி பாத்து ஊத்தல."

தவறிய சகோதரிக்காக யாராவது ஜெபிக்கும்படி பாஸ்டர் கேட்டார். எழுந்தது மோகன்ராஜ்! பயத்தில் குரல் உச்சத்துக்குப் போனது. சாத்தானின் அண்டாவிலிருந்து சகோதரியை மீட்கும்படி, அந்த அண்டாவின் கூழைக் குடித்துத் தெம்பான தொண்டையால் கேட்டான். முடித்ததும் அஞ்சம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி "ஆமேன்" என்றாள்.

கிறிஸ்துமஸ் வரை கடைசிப் பாய் என்று தீர்ப்பாயிற்று. அவள் எழுந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ்ஸில் கத்துவார்கள், இங்கே அன்பாகச் சொன்னார்கள். பஸ்ஸில் அவள் அழுததில்லை.

சனிக்கிழமை புஷ்பலதா மார்க்கெட்டுக்கு வந்தார். "சிஸ்டர், சங்கரா இருக்கா?" இருந்தது. நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தாள். மீனுக்குக் கடைசிப் பாய் கிடையாது.

"அப்புறம் இன்னாத்துக்குடி அங்க போற?" என்று அங்காளம்மா கேட்டாள். "சாமி எத்தினியோ கீது."

"நான் பாஸ்டரப் பாக்கவா போறேன்? நான் யாரப் பாக்கப் போறனோ அவரு வாசலாண்டயும்தான் கீறாரு. காத்தும் நல்லா வருது."

செப்டம்பர் பிறப்பதற்குள் மோகன்ராஜ் மார்க்கெட்டுக்கு வந்தான். மீன் வாங்கவில்லை. "ஏங்க்கா என் பேரச் சொல்லல?"

"நான் சொன்னா அது காட்டிக் குடுக்கிறது. நீ சொன்னாத்தான்டா சாட்சி." கத்தியைக் கழுவினாள். "சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கு வெடுதல குடுத்திருக்காங்க இல்ல? நீயே முடிவெடு. நெஜமாத்தான் சொல்றேன்."

முதல் ஞாயிறு திருவிருந்து. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மோகன்ராஜ் முன் பாயிலிருந்து எழுந்து, கொட்டகையின் நீளம் முழுக்க நொண்டி நடந்து, ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில் உட்கார்ந்தான். தட்டு வந்தது.

"எனக்கு வேணாங்கய்யா. நானும் அந்தக் கூழத்தான் குடிச்சேன். அக்கா ஊத்துச்சு. அன்னிக்கு அது இல்லன்னா ஜெபம் பண்ணத் தெம்பு இருந்திருக்காது."

பாட்டு நின்றது. பாஸ்டர் தட்டோடு நின்றார். மோகன்ராஜைப் பார்த்தார், வாசலோரம் இருந்த அஞ்சம்மாளைப் பார்த்தார். பாடை தூக்கிய மனிதருக்கு ஒரு தட்டை இரண்டடி நகர்த்துவது பெரிய வேலை இல்லை. ஆனால் சட்டம் அவர் போட்டது. திரும்பி முன்னால் போய்விட்டார். தாமதமாக மறுபடியும் தொடங்கிய பாட்டில் சுருதி சேரவில்லை.

அன்று அவள் கைக்கு அப்பம் வரவில்லை. ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள் என்று உடன் நடந்தவர்கள் சொன்னார்கள்.

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதை நாம் பிறகு சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம். நீங்கள் போகும் சபையில், கோயிலில், மசூதியில், கட்சி ஆபீசில், கல்யாணப் பந்தியில் யாரோ ஒருவரை அன்பாகக் கடைசியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை போகும்போது தலையைத் திருப்பி அவர் யார் என்று பாருங்கள். பார்த்ததும் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். உங்களை யாரும் பின்னால் போகச் சொல்வதற்கு முன்னாலேயே போய் உட்காருங்கள்.