பத்துச் சக்கரத்துக்கு ஒரு மேப்

லாரி ஆபீசில் வழி சொல்லும் வேலை எப்படியென்றால், வண்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் டிரைவர் கெட்டிக்காரர், மாட்டிக்கொண்டால் வழி சொன்னவன் மடையன். செல்போன் காட்டிய வழியில் போய் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டுதானே? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், உத்திரமேரூரில் ஒரு பாயின் லாரி ஆபீசில் எனக்கு இந்த வேலை.

எல்லோரும் கை வைக்கலாம்

கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பத்துச் சக்கர டிப்பர்கள் எங்களுடையவை. கடையில் விற்ற மேப்பில் உத்திரமேரூரே ஒரு புள்ளிதான். சுற்றுப்பட்டு கிராமங்களுக்கு அதுவும் கிடையாது. இணையத்தில் இலவசமாக ஒரு மேப் இருந்தது. எந்தத் தெரு யாருக்குத் தெரியுமோ அவர் அதை வரைந்து சேர்க்கலாம், அடுத்தவர் வரைந்ததைத் திருத்தவும் செய்யலாம். அதில் நம் ரோடுகளைச் சேர்த்து, வழியை அச்செடுத்து டிரைவர்களிடம் கொடுக்கலாம் என்று பாயிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

“யார் வேணா வந்து எழுதிட்டுப் போலாம்னா அது மேப்பு இல்லப்பா, பஸ் ஸ்டாண்டு செவுரு.”

மொபெட்டில் போன பாவம்

ஒரு ஜி.பி.எஸ். கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் சுற்றினேன். போன இடமெல்லாம் மேப்பில் கோடாக விழுந்தது. என்ன பெருமை எனக்கு! ஏரிக்கரை மேல் போனதும் கோடுதான், இரண்டு வீட்டுக்கு நடுவே புகுந்து போனதும் கோடுதான். எல்லாவற்றையும் ரோடு என்றே குறித்து வைத்தேன்.

அப்படி நான் அச்செடுத்துக் கொடுத்த தாளை நம்பி, ஏழுமலை என்ற டிரைவர் முழு லோடோடு ஏரிக்கரையில் ஏறிவிட்டார். முன்னேயும் போக முடியாது, திருப்பவும் இடமில்லை. பாதி ஜல்லியைச் சட்டி சட்டியாக இறக்கிவிட்டு ரிவர்ஸிலேயே வெளியே வர மதியமாகிவிட்டது. இன்னொரு வண்டி மாட்டினால் கம்ப்யூட்டரும் நானும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று பாய் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. ஏழுமலை மட்டும் திட்டவில்லை, சந்தேகம்தான் கேட்டார்.

“நைனா, நீ மொபெட்டுல போய்ட்ட. நான் இன்னா, டிப்பர மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்கினா போறது?”

எத்தனை அடி ரோடு?

அதற்குப் பிறகு டேப்பும் மூங்கில் கழியும் இல்லாமல் நான் கிளம்பியதில்லை. ரோட்டின் அகலம், ஆர்ச்சின் உயரம், பாலத்தின் நிலை எல்லாம் குறிக்க அந்த மேப்பில் வசதி உண்டு. ஏழுமலையையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். வழி தெரிந்தவர் அவர்தானே. லோடுக்காகக் காத்திருக்கும்போது ஒற்றை விரலால் தட்டித் தட்டித் திருத்துவார்.

ஒரு கிராமத்தில் தார் ரோட்டில் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது. மீதியில் கல்லை வரிசையாக வைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாவிடம், ரோடு எவ்வளவு அகலம் என்று கேட்டுத் தொலைத்தேன்.

“எந்த மாசத்துக்குக் கேக்கற? தை மாசம்னா எங்குளுது பாதி, ஒங்குளுது பாதி. மத்த மாசம் பூரா நீயே எடுத்துக்கோ.”

வீக்கான பாலம்

அரிசி ஆலைக்கு பாய்லர் ஏற்றி, மொத்தம் நாற்பது டன்னாக வந்த டிரெய்லர் ஓரிக்கை என்ற ஊரில் வழிக்காக நின்றது. வெளியூர் டிரைவர், நாங்கள் தரும் தாள்தான் அவருக்கு வழி. ஆலைக்கு இரண்டே ரோடு. ஒன்றில் ஆர்ச் தாழ்வு. மற்றதை அச்செடுக்கப் போனால், அதிலிருந்த கால்வாய்ப் பாலத்தில் ‘பலவீனம், லாரி போகக் கூடாது’ என்று புதிதாக ஏறியிருக்கிறது! போன வாரம்தான் நான் பார்த்துக் குறித்த பாலம் அது. நிஜமாகவே விரிசல் விட்டிருந்தால் பாய்லரோடு என் வேலையும் கால்வாயில் விழும். யார் திருத்தினார்கள் என்று மேப்பே சொல்லும். பார்த்தேன். ஏழுமலை.

அன்று அவருக்கு லீவு. மொபெட்டை விரட்டிக்கொண்டு போனேன். பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. பாலத்தை ஒட்டியே அவர் வீடு. தூளியை ஆட்டிக்கொண்டிருந்தவர், “பாலம் ஸ்ட்ராங்காத்தான் கீது நைனா. எங் கொயந்த தூக்கம்தான் வீக்கு” என்றார்.

பயங்கரக் கோபம் வந்தது. “என் வேலை போயிடும் ஏழுமலை” என்றேன். மனிதர் உடனே தூளியை மனைவி கையில் விட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டில் ஏறினார். டிரெய்லரில் டிரைவர் பக்கத்தில் அவரே உட்கார்ந்து வழி காட்டினார். வீடு நெருங்கியதும் நடை வேகம். ஹாரன் மேல் கை வைக்கவே விடவில்லை. பாய்லர் பத்திரமாக ஆலைக்குள் போனது, என் வேலையும் பிழைத்தது. இரண்டு பேரும் சந்தோஷமாக அவர் வீட்டுக்குத் திரும்பினால், குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

“டெய்லி லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினு போவசொல்ல நல்லா தூங்கும். இன்னிக்கு எவனோ சத்தமே இல்லாம போனான், முயிச்சிக்கிச்சி! நீ எந்த நாளு பகல்ல வூட்ல இருந்த, ஒனக்குத் தெரிய?”

நாற்பது டன் எந்த வழியில் போகும் என்று ஊரே சேர்ந்து மேப்பில் எழுதி வைத்துவிடலாம், வீட்டில் யாருக்கு எப்போது தூக்கம் வரும் என்பதை மட்டும் வீட்டுக்காரம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.