வாசலோடு திரும்பிப் போனவர்

சைக்ளோஸ்டைலில் படியெடுக்கிற ஸ்டென்சில் தாளில் தப்பாக விழுந்த எழுத்தின் மேல் தடவுவதற்கு ஒரு சிவப்புத் திரவம் இருந்தது. சின்னக் கண்ணாடிப் புட்டியில் வரும். மூடியோடு ஒட்டிய தூரிகை. எங்கள் நூலகத்தின் தட்டச்சர் அதைத் தடவிவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உதட்டைக் குவித்து ஊதிக் காய வைப்பார். அந்த வாடை அறை முழுக்கப் பரவினால் மாதக் கடைசி வந்துவிட்டது, பணியாளர் மடல் தயாராகிறது என்று அர்த்தம். இரண்டே பக்கம். யாருக்கு மாறுதல், யார் வீட்டில் கல்யாணம், எந்தப் பிரிவில் புதிதாக என்ன நடைமுறை. இப்போது இதெல்லாம் கைபேசிக் குழுவில் நொடிக்கொன்றாக வருகிறது. ஓய்வுபெற்ற பிறகும் என்னை அதிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். படிக்கிறேன், கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறேன், மறந்துவிடுகிறேன். ஆனால் அந்தச் சைக்ளோஸ்டைல் மடலில் வந்த நான்கு வரிகளை மட்டும் இன்றும் வரி மாறாமல் சொல்ல முடியும்.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பருவ இதழ்ப் பிரிவின் பொறுப்பாளன். தட்டச்சர் என்னைவிட ஏழெட்டு வயது இளைய பெண். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை. வருடா வருடம் நூலகர் கையெழுத்துப் போட்டு நீட்டித்தால்தான் அடுத்த வருடம் உண்டு. அது தெரிந்தும் அவர் நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் புரிபடாமல் இருந்தது. மடலைத் தட்டச்சு செய்யக் கொடுத்தால் தட்டச்சோடு நிற்க மாட்டார். முதலில் பேராசிரியர்கள், பிறகு அலுவலர்கள், கடைசியில் கடைநிலை ஊழியர்கள் என்று இருந்த வரிசையைக் கலைத்து எல்லாப் பெயரையும் அகர வரிசையில் போட்டார். கேட்டதற்கு, "புஸ்தகத்தையே அப்படித்தானே சார் அடுக்குறோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

தஞ்சை ஜில்லாவில் நிலத்தைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லாத காலம் அது. உச்சவரம்புக்கு மேல் இருக்கிற நிலத்தை எடுத்து, இல்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்ததாகச் சொன்ன நிலத்தில் பழைய சொந்தக்காரர்களே நாற்று விட்டுக்கொண்டிருந்தார்கள். அறுவடை நேரத்தில் கொடிகளோடு ஒரு கூட்டம் ஒரு வரப்பில் நிற்கும், தடிகளோடு இன்னொரு கூட்டம் எதிர் வரப்பில் நிற்கும், நடுவில் போலீஸ் வேன். இதெல்லாம் கிராமத்து விவகாரம், நூலகத்துக்கும் இதற்கும் என்ன என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு புரட்டாசி மாதம், பூதலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நடவு வேலைக்குப் போகிறவர். அவர் தெருவுக்குச் சேர வேண்டிய உபரி நிலம் அரசிதழில் வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்த தேதியைக் கொண்டுவந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். பழைய அரசிதழெல்லாம் பெரிய லைப்ரரியில் இருக்கும் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வாசலில் பை சோதிக்கிற ஊழியர் அவரை நிறுத்தினார். எல்லோரும் வாசல் அண்ணன் என்று கூப்பிடுகிற அவரும் அதே பூதலூர்ப் பக்கத்துக்காரர்தான். கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து வந்தவர். "கார்டு இல்லாம உள்ள விடக்கூடாதும்மா, விட்டா என் வேல போயிரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாம் முறை அந்த அம்மாள் வந்தபோது வாசலில் நான் நின்றிருந்தேன். விஷயத்தை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. கையில் ஒரு பட்டியல், மனதில் மதியச் சாப்பாடு. "இன்னிக்கு முடியாதும்மா. வேற ஒரு நாள் வாங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவரைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னேன். அதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் முறை நடந்ததை நான் பார்க்கவில்லை. தட்டச்சர் பார்த்திருக்கிறார். வாசல் படியில் அந்த அம்மாளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பிறகு தானே பின்னறைக்குப் போய் அரசிதழ்களைத் தேடியிருக்கிறார். அங்கே அவை சணல் கயிற்றில் கட்டிய மூட்டைகளாக, வந்த வரிசையில், கூரை உயரத்துக்குக் கிடந்தன. எதில் எந்த ஊர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என் பிரிவுதான். சாயங்காலம்வரை தேடி, மூக்கில் தூசி ஏறியதுதான் மிச்சம். அந்த அம்மாள் கடைசி ரயிலுக்குப் போய்விட்டார்.

அந்த மாத மடலில், 'நடைமுறை மாற்றங்கள்' என்ற தலைப்பின் கீழ் இப்படி வந்தது:

'இம்மாதம் வாசலோடு திரும்பிப் போனவர்: பூதலூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர், மூன்று முறை.
தேடி வந்தது: பழைய அரசிதழ்.
நம்மிடம் இருக்கிறது.
எந்தக் கட்டில் என்று நமக்கே தெரியாது.'

நூலகர் அந்த வாரம் சென்னைக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில் மடலைப் படித்துச் சுருக்கொப்பம் இடுவது என் பொறுப்பு. வழக்கம்போல் படிக்காமலே இட்டேன். அவர் திரும்புவதற்குள் நாற்பது படிகளும் எல்லார் மேசைக்கும் போய்விட்டன.

நூலகர் கெட்டவர் அல்ல. நேரம் தவறாதவர், வெள்ளைச் சட்டை, பளபளக்கிற கறுப்பு ஷூ, குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பயம்தான் அவருடைய ஒரே குறை. எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மடல், பக்கத்தில், விளக்கம் கேட்டுத் தயாராக ஒரு குறிப்பாணை, தட்டச்சர் பெயருக்கு.

"நெல விவகாரம்மா இது. நாளைக்கு நெலக்காரங்க வக்கீல் வந்து, எங்களுக்கு எதிரா ஆதாரம் எடுத்துக் குடுக்குறது ஒங்க வேலையான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவரு கேட்டாலும் அதே கெஜட்ட எடுத்துக் குடுப்போம்னு சொல்லுங்க சார்" என்றார் தட்டச்சர்.

நூலகர் என் பக்கம் திரும்பினார். "இத நீங்க படிச்சுட்டுத்தான் ஒப்பம் போட்டீங்களா?"

இல்லை என்று சொன்னால் என் தலை தப்பும். தட்டச்சருக்கு அடுத்த வருடம் வேலை இருக்காது. தட்டச்சர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சுட்டுத்தான் சார் போட்டேன்" என்றேன். சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. "அதுல ஒரு தடவ அந்த அம்மாவத் திருப்பி அனுப்புனதே நான்தான் சார்."

நான் பொய் சொல்கிறேன் என்பது நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மறதியும் அவசரமும் அவர் அறியாதவை அல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறிப்பாணையை எடுத்து இரண்டாக மடித்து மேசை டிராயரில் போட்டார். "வெளியாள உள்ள விட விதி இல்ல. அதுதானே பிரச்சன? விதிய எழுதிக் கொண்டாங்க. ரெண்டு பேரும் சேந்து" என்றார்.

எழுதினோம். ஒருநாள் வாசிப்புச் சீட்டு: பெயர், ஊர், பார்க்க வேண்டியது, கைநாட்டும் செல்லும். அது ஒரு மத்தியான வேலை. அரசிதழ்க் கட்டுகளைப் பிரித்து ஊர்வாரியாகப் பட்டியல் எடுப்பதுதான் உயிரை வாங்கியது. பழைய அட்டவணை அட்டைகளின் பின்பக்கத்தில், தாலுகா, கிராமம், தேதி, பக்கம் என்று எழுதிக்கொண்டே போனோம். சாப்பாட்டு வேளையில் வாசல் அண்ணனும் வந்து உட்கார்ந்துகொண்டார். யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் தடுமாறுகிற கிராமப் பெயர்களை அவர்தான் திருத்தினார். அவர் திருத்தியதில்தான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. அந்த அம்மாளின் தெரு ஒரு கிராமத்தில் இருந்தது. வயல்களோ பக்கத்துக் கிராமத்தின் கணக்கில் பதிவாகியிருந்தன. தன் ஊர்ப் பெயரில் அவர் எத்தனை வருடம் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

கிடைத்துவிட்டது, ஆனால் ஆளைக் காணோம். மூன்று முறை வந்தவர் நான்காம் முறை வரவில்லை. ஐப்பசி மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தட்டச்சர் வாசல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் பூதலூருக்குப் போனார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் வழுக்கிச் சேலையோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டாராம். நடவுக்காரப் பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள். தூக்கியவர்களில் ஒருவர் அவர் தேடிப் போன அம்மாள்.

மறுநாள் காலை அந்த அம்மாள் வந்தார். சீட்டுப் புத்தகத்தின் முதல் சீட்டை வாசல் அண்ணனே எழுதிக் கொடுத்து, உள்ளே கூட்டி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் அரசிதழை விரித்து வைத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. சர்வே எண்ணை வாசிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "வேற ஒரு நாள் வாங்கன்னு சொன்னது நீங்கதானேங்க? அத நம்பித்தான் திரும்ப வந்தேன். இல்லாட்டி ரெண்டாந்தரத்தோட விட்டுருப்பேன்" என்றார், நன்றியாக. நான் குனிந்து, சர்வே எண்ணை நான்காம் முறையும் வாசித்தேன். தட்டச்சர் தன் இயந்திரத்தில் எதையோ மும்முரமாக அடிக்கத் தொடங்கினார். தாளே மாட்டாமல் அடிக்கிறார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அதன் பிறகு ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். எதிர்ப்பக்கத்து வக்கீலும் ஒரு நாள் வந்தார். சீட்டு எழுதிக் கொடுத்தோம், பார்த்துவிட்டுப் போனார். நூலகர் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. பட்டா வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. வந்ததும் கேட்டதில் பாதிதான். அதற்குள் தட்டச்சருக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது.

தட்டச்சர் இப்போது தரங்கம்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் பேசினால் சீட்டைப் பற்றியும் பட்டியலைப் பற்றியும் அவருக்குப் பெரிதாக நினைவில்லை. சேற்றில் விழுந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பார். இன்றும் அந்த நூலகத்தில் ஒருநாள் சீட்டு கொடுக்கிறார்கள். கணினியில் அச்சாகி வருகிறது. அதை யார் கொண்டுவந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமலே நன்றாக நடக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சொந்த நிலத்தில் முதல் அறுவடை வந்த தை மாதம், அந்த அம்மாள் நூலகத்துக்கே வந்து எங்களைக் கூப்பிட்டார். தட்டச்சர் அதை மடலில், கல்யாணங்களுக்கும் மாறுதல்களுக்கும் நடுவே பணியாளர் செய்தியாகப் போட்டார். 'பூதலூரில் அறுவடை. அனைவரும் வருக.' நூலகர் பேனாவை நிறுத்திவிட்டு, "இவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையேம்மா?" என்றார். "வேல நம்ம வேலதானே சார்" என்றார் தட்டச்சர். ஒப்பம் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் ரயில் நிலையத்தில் கூடினோம். ரயில் கிளம்பும் நேரத்தில் பத்தாவதாக நூலகர் வந்து ஏறினார், அதே ஷூவோடு. வயலில் அறுத்த நெல் கைப்பிடி கைப்பிடியாக, அரி போட்டு, வரிசை வரிசையாகக் கிடந்தது. வரப்பில் தள்ளி நின்ற அவரை அந்த அம்மாள் அதுவரை பார்த்ததில்லை. கதிரரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்க யாருங்கய்யா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"நான் லைப்ரரியில வேல பாக்குறேம்மா" என்றார் நூலகர்.

"அப்ப ஷூவக் கழட்டிட்டு எறங்குங்க. சாப்பாடு களத்துல இருக்கு."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.