இடது காலுக்கு வேலையில்லாத கார்

எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கியர்பொக்ஸ் கிடக்கிறது. பழைய மழைக்கோட்டு ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறோம். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கிளட்ச் பெடலும் அதைப் பொருத்தும் இரும்புச் சட்டமும். மகன் தன் காருக்கென்று வாங்கி வைத்தவை. இரண்டு மாதமாக அவற்றைச் சுற்றி நடந்துதான் வேலைக்குப் போய் வருகிறேன். யாரும் அவற்றை அப்புறப்படுத்தவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எனக்கு அதிகம் எதுவும் தோன்றுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறேன். பஸ் வந்தால் ஏறுகிறேன்.

உள்ளே, முன்னறைக் கட்டிலில் மகன். இருபத்தாறு வயது. இடது முழங்காலைத் திறந்து தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

விபத்து நடந்தபோது காரை ஓட்டியவன் நான். அது எல்லோருக்கும் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் நான்தான் அப்படிச் சொன்னேன். அந்தப் பிரேக்கை வாங்கிப் பொருத்தியவன் மகன்.

பிரேக் பிடித்தது. அது எனக்கு மட்டும் தெரியும்.

கார் ஜப்பானிலிருந்து வந்தது, இருபது வருடத்துக்கு மேல் பழசு. டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் அந்தச் சின்ன விசிறியை மகன் கழற்றிப் பெரியதாக மாற்றினான். பிறகு காற்றைக் குளிர்விக்கும் பாகம், பிறகு புகைக்குழாய், கடைசியாகப் பெரிய பிரேக். மாவனல்லையில் ஒரு கராஜில் அவனுக்கு வேலை. கிடைத்த சம்பளம் அதற்குள்ளேயே போனது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மறுப்பு ஒன்றே ஒன்றுக்குத்தான்: அந்தக் கார் ஓட்டோ கியர், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை. அதைக் கையால் கியர் மாற்றும் மெனுவலாக ஆக்க வேண்டும் என்றான். வேண்டாம் என்றேன். ஒரு வருடம் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு.

"ஓட்டோவுக்கு என்னடா குறை?"

"குறைன்னு இல்லப்பா. அது யோசிக்குது. நான் யோசிச்சு முடிச்சதுக்குப் பொறகு அது யோசிக்குது."

"ஒங்கப்பா மாதிரி," என்றாள் மனைவி, கறிச்சட்டியை வைத்தபடி.

"ஹந்தானை ஏத்தத்துல டர்போ நல்லா நெறஞ்சு வர்ற நேரம் பார்த்து கியர மாத்திடும்மா. இழுவையே போயிடும். அதோட நான் ஏத்தியிருக்கிற பவருக்கு அந்த பொக்ஸ் தாங்காது. இப்பவே உள்ள வழுக்குது."

"வழுக்கினா மெதுவா போ," என்றேன்.

நான் சும்மா எதிர்க்கவில்லை. அலுவலகத்தில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இணையத்தில் தேடிப் படித்தேன். மெனுவலில் கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், அந்த நொடியில் டர்போவின் அழுத்தம் விழுந்துவிடும். நல்ல ஓட்டோவில் விழாது. பந்தயம் ஓடுபவர்கள்கூட இப்போது ஓட்டோவுக்குப் போகிறார்கள். இதையெல்லாம் அவனிடம் ஒப்பித்தேன். அவன் சிரித்தான்.

"அது நல்ல ஓட்டோப்பா. இது நாலு கியர் கெழவன்."

உண்மையில் டர்போவின் அழுத்தம் பற்றி எனக்கு எந்த அக்கறையும் இல்லை. ஓட்டோவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். வளைவில் கியரைத் தேட வேண்டியதில்லை. கெழவன் கியர் அவனைக் கொஞ்சமாவது இழுத்துப் பிடிக்கும் என்று நம்பினேன். மாலையில் அவன் கார் எங்கள் ஏற்றத்தில் ஏறும் சத்தம் கேட்கும்வரை என்னால் பத்திரிகையின் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க முடியாது. சத்தம் கேட்டதும் படித்ததுபோல மடித்து வைத்துவிடுவேன்.

அவன் என்னைக் கேட்காமலே கியர்பொக்ஸை வாங்கிக்கொண்டு வந்து இறக்கிய பிறகு, கடைசியாக ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு நாள் நானே அந்தக் காரை ஓட்டிப் பார்ப்பேன். மாவனல்லைவரை போவோம். அவன் முதலாளியிடமும் கேட்போம். அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றட்டும்.

"நீங்க ஓட்டோ ஓட்டினதே இல்லையேப்பா."

"இருபத்தெட்டு வருஷமா வேன் ஓட்டுறேன். இதுல என்ன இருக்கு, இடது காலுக்கு வேலையே இல்ல."

இதை நான்தான் சொன்னேன். இதே வார்த்தைகளில்.

ஒரு சனிக்கிழமை காலை கண்டியிலிருந்து புறப்பட்டோம். தூறல். பேராதனை தாண்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான். "மெதுவாப்பா, தொட்டாலே போதும், பெரிய பிரேக்." பிலிமத்தலாவையில் தூங்கிப்போனான். நான் நன்றாக ஓட்டுகிறேன் என்றுதானே தூங்கினான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமை கடுகண்ணாவைச் சந்திவரை இருந்தது.

கடுகண்ணாவையிலிருந்து பாதை கீழே விழுகிறது. எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருடம், போனில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு அளந்து வாங்கிய நாட்களில், கண்டிப் பக்கத்தில் என்னைப்போல வேன் வைத்திருந்த பலர் அந்த இறக்கத்தை நியூட்ரலில்தான் இறங்கினோம். மேலே கியரை எடுத்துவிட்டால் மலை இறக்கிவிடும். எஞ்சின் சும்மா இருக்கும். வளைவு கிட்ட வரும்போது கிளட்சை மிதித்து இரண்டாம் கியரைப் போட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தவறு என்று தெரியும். தட்டுப்பாடு போனது, பழக்கம் போகவில்லை.

அன்றும் சந்தியைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் என் கை தானாகவே கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. சத்தம் குறைந்தது. மகன் தூங்கினான். கார் வேனைவிடச் சீக்கிரமாக வேகம் பிடித்தது. வளைவுக்கு முன்னால் ஒரு லொறி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கை கியருக்குப் போனது. இடது கால் கிளட்சைத் தேடிப் போனது. இருபத்தெட்டு வருடப் பலத்தோடு அடிவரை மிதித்தேன்.

அந்தக் காரில் கிளட்ச் இல்லை. அந்த இடத்தில் இருப்பது பிரேக்கின் அகலமான பெடல்.

கார் முன்னால் குனிந்தது. பின்பக்கம் ஈரத்தில் விலகியது. இடப்பக்கம் பாதையோரக் கல் மதிலில் போய் அடித்தது. மகன் உட்கார்ந்திருந்த பக்கம்.

வடை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் முதலில் ஓடி வந்தார். கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார், பிரேக் விட்டுவிட்டதா என்று. ஆம் என்றேன். அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பொய்யை நானாகக் கண்டுபிடித்திருப்பேனா தெரியாது. பிறகு அதையே மனைவியிடம் தமிழில் சொன்னேன். பொலிஸில் எழுதிக் கொடுத்தேன். பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு. மற்றவர் சொன்னதை மொழி மாற்றிக் கொடுத்தே பழகியவன். இதுவும் அப்படித்தான் வந்தது, யாரோ சொன்னதுபோல.

ஆஸ்பத்திரியில் மகன் கேட்ட முதல் கேள்வி: "டி-யிலதானே வந்தீங்க, கியர்லதானே?"

தலையாட்டினேன்.

"அப்ப பிரேக் சூடாகியிருக்கும்," என்றான். "நான் போட்ட பிரேக் பேட் மழைக்கு சரியில்ல. என்னோட பிழைதான்பா." முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. கம்பி குளிர்ந்திருந்தது.

அவன் முதலாளி போன மாதம் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காராமல் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

"மகன், ஒங்கட காரக் கழட்டிப் பார்த்துட்டேன். டிஸ்க், பேட், லைன் எல்லாம் நல்லா ஈக்கி. பிரேக்ல ஒரு கொறையும் இல்ல."

"சூட்டுல விட்டா ஆறினதும் ஒண்ணும் தெரியாது பொஸ். ஒங்களுக்கே தெரியும்தானே."

"அந்த எறக்கத்துல ரெண்டு வளைவுக்குள்ள எப்பிடிச் சூடாகும்? அது என்ன பஸ்ஸா?"

மகன் சிரிக்கவில்லை. "நான் இனி யார்ட வண்டிக்கும் பிரேக் போட மாட்டேன். வேற ஆள் பாருங்க. காரையும் பொக்ஸையும் வித்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "சேர், நீங்க சரி மகனுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. இந்தக் கை மாதிரி ஒரு கை எனக்குக் கெடைக்காது."

"பார்ப்போம்," என்றேன். வாசல்வரை கூடப் போனேன். மழைக்கோட்டுக்குக் கீழே கிடந்ததை அவர் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பஸ் தரிப்பிடத்திலும் அலுவலகத்திலும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வேலையை விட்டுவிடுவான். என் ஒரு தலையாட்டலுக்காக விட்டுவிடுவான். இதெல்லாம் தெரிந்தே இன்னும் மூன்று வாரம் சும்மா இருந்தேன். காலையில் இன்றைக்குச் சொல்லலாம் என்று எழுவேன். இரவில் சொல்லாமலே பல் துலக்கிவிட்டுப் படுப்பேன்.

போன கிழமை கால் பயிற்சி கொடுக்கும் மிஸ், இனி முழங்கால் மடங்கினால் மட்டும் போதாது, எதையாவது எதிர்த்துத் தள்ளியும் பழக வேண்டும் என்றார். மனைவி தலையணையைச் சுவரோடு வைத்துப் பார்த்தாள். மகன் இரண்டு தரம் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை, விறாந்தையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். கிளட்ச் பெடலின் சட்டத்தை ஒரு பலகையில் ஆணியடித்து, அதன் சுருள்வில்லையும் மாட்டி, கட்டில் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். நன்றாகத்தான் அமைந்தது.

"இது எதுக்குப்பா?"

"மிதிக்கிறதுக்கு."

"வித்துடலாம்னு சொன்னேன்தானே."

"பிரேக் புடிச்சுச்சு தம்பி."

நான் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நியூட்ரல் போட்டதை. லொறியை. கால் தேடிப் போனதை. சொல்லும்போது என் இடது கால் தரையில் அழுந்தியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

"நியூட்ரல்ல வந்தீங்களா?" என்றான் கடைசியில்.

"ம்."

"டர்போ காரை நியூட்ரல்ல. எதுக்கு, பெட்ரோல் மிச்சம் புடிக்கவா?"

"பழக்கம்."

"ஆஸ்பத்திரில கேட்டேன். தலையாட்டினீங்க."

"ஆட்டினேன்."

தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மெனுவலாக மாற்றிய பிறகு அந்தக் காரை நான் ஓட்டியிருந்தால் என் கால் கிளட்சில்தான் விழுந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. அதை நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் யோசித்து முடித்திருப்பான்.

"பொஸ்ஸுக்குக் கோல் எடுங்க," என்றான். "ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்களே சொல்லுங்க."

எடுத்தேன். மறுமுனையில் கராஜின் இரும்புச் சத்தம். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். தேநீரோடு வந்த மனைவி கதவருகில் நின்றுவிட்டாள். அவளுக்கும் இதுதான் முதல் தடவை. கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை, உள்ளே வரவுமில்லை.

"அப்ப பிரேக் புடிச்ச," என்றார் முதலாளி.

"புடிச்சுச்சு. நல்லாப் புடிச்சுச்சு."

"மகனுக்கு விளங்கினதா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பொஸ்," என்றான் மகன். "போனை வைங்க. பொறகு எடுக்கிறேன்."

மனைவி கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். போய்ப் பேச வேண்டியது நான்தான்.

மகன் இரண்டு கைகளாலும் தொடையைத் தூக்கி, பாதத்தைப் பெடலில் வைத்தான். தள்ளினான். கால்வாசி போனது. சுருள்வில் திருப்பித் தள்ளியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தள்ளினான். பாதிக்கும் குறைவு. நெற்றியில் வேர்வை.

"எட்டுதில்ல," என்றான், என்னைப் பார்க்காமல். "கொஞ்சம் கிட்டத் தள்ளுங்க."

குந்தியிருந்து பலகையை அவன் பக்கமாக ஒரு சாண் தள்ளினேன். நகராமலிருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.