மூன்றாம் பக்கத்தில் எஸ்தர் அம்மா செய்த தப்பு

இதைக் கையால் எழுதித் தருகிறேன். வரிகள் மேலும் கீழுமாகப் போகும். சில இடங்களில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கும். டைப் செய்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்தொரு வயதில் எழுத்து படிக்க உட்கார்ந்தவன் நான். அதற்குப் பிறகு மூன்று வருடம்தான் ஆகிறது.

பெங்களூரில் தமிழ் படிக்கக் கற்றவனுக்குத் தெருவில் படிக்க அதிகம் கிடைப்பதில்லை. பஸ் பலகை கன்னடம். கடைப் பலகை கன்னடமும் இங்கிலீஷும். லிங்கராஜபுரத்தில் என் மகள் வீட்டுப் பக்கம் தமிழில் இருப்பது சாவுச் சுவரொட்டி மட்டும்தான். ஒன்று விடாமல் படித்துவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கப் போனேன். கம்பத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அத்தனை நீளமான வார்த்தையைத் திக்காமல் முடித்துவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. பால் கடைக்காரரைக் கூப்பிட்டு, "பாருய்யா, ஒரே மூச்சுல படிச்சிட்டேன்" என்றேன். பெயருக்கு அதற்குப் பிறகுதான் வந்தேன். பேராசிரியர் எஸ்தர் கமலா. இளவயதுப் படம், தலை கறுப்பாக இருந்ததால் முகம் எனக்குப் பிடிபடவில்லை.

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. "இப்பவா போவாங்க?" என்று கம்பத்தைப் பார்த்துக் கத்தினேன். அந்த வாரச் சனிக்கிழமை அவரோடு சண்டை போட எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஸ்தர் அம்மா சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். மற்றவர்கள் சட்டப் புத்தகத்தை வைத்து நடத்தினால், இவர் கதை, நாடகம், படம் எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டு வருவார். கோர்ட்டுக் காகிதத்தைக் கதையைப் போலப் படிக்க வேண்டும், யார் பேசுகிறார், யாரைப் பேச விடவில்லை என்று பார்க்க வேண்டும் என்பார். நல்ல ஆசிரியர் என்று இந்த நினைவு மலரில் எல்லோரும் எழுதுவார்கள். எழுதட்டும். அவர் வகுப்பில் படிக்கப்பட்ட காகிதம் என்னுடையது. அதனால் நான் வேறு மாதிரிதான் எழுத முடியும்.

ஒக்கலிபுரத்தில் எனக்கு ஒரு வீடு இருந்தது. இடம் இன்னொருவருடையது, சுவர் என்னுடையது. இடத்துக்காரர் இறந்த பிறகு அவர் மகன் கேஸ் போட்டார். கூண்டில் நின்று அரை மணி நேரம் பேசினேன். செங்கல் எங்கிருந்து வந்தது, எந்தச் சுவரை எப்போது எழுப்பினேன், பால் காய்ச்சிய அன்று இடத்துக்காரரே வந்து தேங்காய் உடைத்தது, "இனி இது உன் வீடு முனுசாமி" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னது, எல்லாம் சொன்னேன். நீதிபதி கேட்டுக்கொண்டே டைப்பிஸ்டிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பேசியதெல்லாம் ஒரு வரி ஆனது: "நான் வாதியின் தந்தையின் அனுமதியின் பேரில் அங்கு குடியிருந்து வருகிறேன்." தேங்காய் இல்லை. பத்துப் பேர் இல்லை. கடைசியில் குமாஸ்தா கன்னடத்தில் கடகடவென்று வாசித்து, "சரி தானே?" என்றார். தலையாட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கைநாட்டு வாங்கினார்கள். படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அடியில் எழுதியிருந்ததாம். அனுமதியில் இருப்பவனுக்கு உரிமை கிடையாதாம். அந்த ஒரு வரியால் வீடு போயிற்று. தலையாட்டியது நான்தான், அதை மறுக்கவில்லை.

என் வக்கீல் எஸ்தர் அம்மாவின் பழைய மாணவர். காகிதம் அந்த வழியாக அவர் கைக்குப் போயிற்று. ஒரு நாள் மகள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைப் புடவை, தோளில் கனமான பை.

"ஐயா, நீங்க கோர்ட்ல சொன்னத பிள்ளைங்களோட ஒரு கதையா படிக்கலாம்னு இருக்கோம்."

"கதையா? வீடு போச்சும்மா எனக்கு."

"தெரியும் ஐயா. அதான் படிக்கணும்."

இவ்வளவு பெரிய கல்லூரியே என் காகிதத்தைப் படித்தால் ஏதாவது வழி பிறக்கும், வீடு திரும்பி வரும் என்று நினைத்துப் போனேன். அது என் முட்டாள்தனம். வகுப்பில் நாடகம் போட்டார்கள். ஒரு பையன் லுங்கி கட்டி, தலையில் துண்டு சுற்றி, என்னைப் போலக் கை வீசிக் கத்தினான். நான் பேச்சுக்குப் பேச்சு, "சாமி, சாமி" என்று சொல்வேனாம். நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டேன். எஸ்தர் அம்மா பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஐயா, நில்லுங்க. சிரிப்பு அடங்கினதும் என்ன ஆகுதுன்னு பாருங்க. அங்கதான் பாடமே இருக்கு."

"உங்க பாடத்துக்கு என் லுங்கிதான் கெடச்சுதா? ஜட்ஜம்மாவா வந்த பொண்ணு ஏன் ஒழுங்கா வந்துது? அவங்கள ஏன் யாரும் கிண்டல் பண்ணல?"

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்கு இன்னும் எரிந்தது. "இதையும் எழுதிக்கிட்டீங்களா?" என்றேன். "ஆமா ஐயா, நல்ல கேள்வி" என்றார். அவர் அப்படித்தான். திட்டினாலும் குறிப்பு எடுப்பார்.

வருடா வருடம் முதல் வகுப்பில் ஒரே கேள்விதான் கேட்பாராம். "நீதிபதி சொல்லச் சொல்ல டைப் ஆகுது. ஆனா ‘நான்’னு எழுதியிருக்கு. அந்த நான் யாரு?" என்னிடமும் கேட்டார். "நானும் இல்ல, அவரும் இல்ல, டைப் அடிச்ச பொண்ணு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு புத்தகம் எழுதுகிறேன் என்று வந்தார். அதில் என்னைப் பற்றி நான்கு பக்கம்.

"அச்சுல போடாதீங்க."

"பேர் போட மாட்டேன். கோர்ட் ரெக்கார்டு யாரும் பாக்கலாம் ஐயா, சட்டப்படி உங்க பர்மிஷன் கூடத் தேவையில்ல. ஆனாலும் கேக்கறேன். படிச்சுக் காட்டறேன், கேளுங்க."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. "படிச்சுக் காட்டி ஒரு தடவ வீடு போச்சு. இனிமே யாரும் எனக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம். நானே படிக்கிறேன். சரின்னா ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடறேன். இல்லன்னா இல்ல."

"சரி. அதுவரைக்கும் அச்சுக்குப் போகாது" என்றார்.

என்னை மடக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மறு வாரமே மாதா கோயில் பின்னால் நடக்கிற முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். அன்பால் யாரும் எனக்கு எழுத்து சொல்லித் தரவில்லை. வீம்பில் கற்றுக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் எனக்கு மட்டும் சொந்தம், அதில் எஸ்தர் அம்மாவுக்குப் பங்கு தர மாட்டேன். அவர் நான்கு பக்கத்தையும் தமிழில் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பிறந்து வளர்ந்தது கண்டோன்மென்ட், படித்தது இங்கிலீஷ். அவர் போட்ட ‘ழ’வைப் பார்த்து எங்கள் வகுப்பு டீச்சரே சிரித்தார்.

மாதம் ஒரு முறை போன் வரும். "எது வரைக்கும் வந்தீங்க ஐயா?" "ரெண்டாவது வரி." "அவசரமே இல்ல." புத்தகத்தின் மற்ற பகுதியெல்லாம் தயார், என்னால்தான் நிற்கிறது என்று அவர் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அவர் மாணவி அக்‌ஷதா சொல்லித்தான் தெரியும்.

முதல் இரண்டு பக்கத்தில் தேங்காய் இருந்தது. பத்துப் பேரும் இருந்தார்கள். நாடகத்தன்று நான் கேட்ட கேள்வி கூட இருந்தது, அதற்குத் தம்மிடம் பதில் இல்லை என்றும் எழுதியிருந்தார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி: "தீர்ப்பைக் கேட்டதும் அந்த முதியவர் கண்ணீர் விட்டு அழுதார்."

நான் அழவில்லை.

அன்றைக்கு எஸ்தர் அம்மா கோர்ட்டில் இருக்கவும் இல்லை. வெளியே வந்து என் வக்கீலை வாய்க்கு வந்தபடி வைதேன். எதிர்க் கடையில் இரண்டு வடை தின்றேன். பஸ் பிடித்தேன். நீதிபதி என் வாயிலிருந்து தேங்காயை எடுத்தார். இவர் என் கண்ணில் தண்ணீரை வைத்தார். யார் பேசுகிறார் என்று ஊருக்கே கேட்கக் கற்றுக்கொடுத்தவர் செய்த வேலை இது. நேரில் கேட்கத்தான் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன்.

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் அக்‌ஷதா வந்தாள். நான்காம் பக்கத்தை அதற்குள் முடித்திருந்தேன், அதில் குறை இல்லை. அவள் என்னைக் கன்னடத்தில் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"அஜ்ஜா, புக் இந்த மாசமே வரணும்னு எல்லாரும் கேக்கறாங்க. அந்த லைன் தப்புன்னா நாங்களே எடுத்துடறோம். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாம எடுக்கறதுதான் எனக்கு ஆகாதும்மா. அப்படியே இருக்கட்டும். மேல கோடு போட்டு அடிச்சிருக்கேன் பாரு, அந்தக் கோட்டோட அச்சடி. பக்கத்துல என்ன நடந்துதுன்னு என் கையால எழுதியிருக்கேன். அதையும் போடு."

"மேம் இருந்தா..."

"இருந்தா அவங்களையே கோடு அடிக்கச் சொல்லியிருப்பேன்."

அவள் அழுதாள். நான் மூன்றாம் பக்கத்திலும் நான்காம் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மறைத்த பெயரையும் சேர்க்கச் சொன்னேன்: முனுசாமி.

எஸ்தர் அம்மா, கோர்ட் எனக்காக ஒரு நிமிடம் காத்திருக்கவில்லை. நீங்கள் மூன்று வருடம் காத்திருந்தீர்கள். அதற்காக அந்த வரியை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "அழுதிருந்தா நல்லா இருந்திருக்குமே ஐயா" என்று சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்திருப்பீர்கள். வீடு போனது எனக்கு. அழுவதா, வடை தின்பதா என்று நான்தான் சொல்ல வேண்டும். இப்போது சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.